வறுக்கக் கூடாத மா

நாலாம் மாடிப் படியை ஏறி முடிப்பதற்கு முன்பே மணம் வந்துவிட்டது.

அரிசி மா வறுபடும் மணம். தாச்சி சூடேறி, மாவின் ஈரம் ஆவியாகப் போய், மா மணல் போல உதிரத் தொடங்கும்போது வருமே, அந்த மணம். வருடத்தின் கடைசி நாள். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். காலையிலிருந்து வயிற்றுக்குள் போனது ஒரு கோப்பி மட்டும். அந்த ஒரு கணத்தில் எனக்கு உலகத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை.

எனக்குப் பின்னால் ஏறி வந்துகொண்டிருந்த சூஜின் மூச்சு வாங்க நின்றாள்.

“நல்ல மணமாக் கிடக்கு. என்ன அது?”

அப்போதுதான் என் கால் நின்றது.

கதவு சாத்தியிருக்கவில்லை. குசினியில், நான் குடியிருக்கும் வீட்டு வதனி அக்கா தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அகப்பையோடு திரும்பினார். முகமெல்லாம் வேர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

“வா தம்பி. வாங்கோ பிள்ளை. உங்கட மா இந்தா, பதமா வறுத்து அரிச்சு வைச்சிருக்கிறன். இந்த மனுசன் பச்சையாக் கொண்டந்து வைச்சிட்டு வேலைக்கு ஓடீட்டார். ஆம்பிளையளுக்கு உது எங்கை தெரியப்போகுது.”

மேசையில், விரித்த வெள்ளைத் துணியில், இரண்டு கிலோ மா ஒரு சின்ன மலை போலக் குவிந்திருந்தது. வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் வறுத்த மா.

சூஜின் பாரிஸில் இருப்பதா, கொரியாவுக்குத் திரும்பிப் போவதா என்பது அந்த மாவில் இருந்தது. கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதை விளங்கவைக்க நான் மூன்று கிழமை பின்னால் போக வேண்டும்.

மற்றவர்களின் விடுமுறை

அந்த நாட்களில் நான் ஒரு கேக் கடையின் பின்பக்கத்தில் வேலை செய்தேன். பின்னேரங்களில் படிப்பு, விடியப்புறம் வேலை. தட்டுக் கழுவுவதில் தொடங்கி, மூன்று வருடத்தில் முட்டை உடைப்பது வரைக்கும் உயர்ந்திருந்தேன். ஒரு நாளைக்கு நானூறு முட்டை. மஞ்சள் ஒரு வாளி, வெள்ளை ஒரு வாளி.

நத்தார், அதாவது கிறிஸ்மஸ், வந்தால் இந்த நாட்டில் எல்லோரும் மரக்கட்டை வடிவத்தில் ஒரு கேக் சாப்பிடுவார்கள். புஷ் என்று பெயர். மார்கழி முதல் கிழமையிலிருந்து நாங்கள் புஷ் செய்வோம். நத்தார் முடிந்தால் வருடப் பிறப்புக்கான புஷ். அது முடிந்த கையோடு, உள்ளே ஒரு சின்னப் பொம்மையை ஒளித்துவைக்கும் தட்டைக் கேக். விடுமுறைக் காலம் என்பது மற்றவர்களுடைய விடுமுறை. எங்களுக்கு அது முட்டைக் காலம்.

கேக்குகளின் மேல் சாக்லேட்டால் மரப்பட்டையின் வரிகளைக் கீறுகிறவள் சூஜின். கொரியாக்காரி. என்னைவிட இரண்டு வயது மூப்பு. முள்ளுக்கரண்டியின் பின்பக்கத்தால் ஒரே இழுப்பில் அவள் கீறுவதை நான் வாளியை நிறுத்திவிட்டுப் பார்ப்பதுண்டு. எங்கள் செஃப் ஒருவரையும் பாராட்டாத மனிதர். சூஜினின் மேசையைக் கடக்கும்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் போவார். அதுதான் அவருடைய பாராட்டு.

நானும் அவளும் பேசுவது பிரெஞ்சில். இரண்டு பேருக்குமே அது பாதிப் பிரெஞ்சு. ஆனால் அவள் சொன்னவற்றை இங்கே யாழ்ப்பாணத் தமிழில்தான் எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் இருக்கிறது.

அந்த மார்கழியில் கிறேவ். வேலைநிறுத்தம். மெட்ரோ ஓடவில்லை. நான் குடியிருந்த, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இரண்டாம் நம்பர் மெட்ரோ தலைக்கு மேலேதான் போகும். கடைக்காரர்கள் அது போய் முடியும்வரைக்கும் பேச்சை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்வார்கள். அந்த நாட்களில் மேலே சத்தம் இல்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் சிலர் பாதி வசனத்தில் நின்று மேலே பார்த்தார்கள்.

நாங்கள் வேலைக்கு நடந்தோம். போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். சூஜினுடைய அறை லா சப்பலுக்கு அந்தப் பக்கம் என்பதால் சேர்ந்தே நடந்தோம். மூன்று வருடம் ஒரே இடத்தில் வேலை செய்தும் வணக்கத்துக்கு மேல் பேசாத இரண்டு பேர், மூன்று கிழமையில் ஒருவருக்கொருவர் ஊரெல்லாம் சொல்லி முடித்தோம். அந்தக் கிறேவுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். மற்றவர்கள் கோபிக்கக் கூடாது.

நாலு வருடத்துப் பொய்

அப்படி நடந்த ஒரு காலையில்தான் அவள் கேட்டாள்.

“சீலன், நீ எனக்கு நாலு வருசமாச் சிநேகிதனா இருக்கேலுமோ?”

“இனிமேல் நாலு வருசமோ?”

“இல்லை. போன நாலு வருசம்.”

அவளுடைய அம்மா ஒரு கடற்கரை ஊரில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவர். தகப்பன் இல்லை. ஒரே மகள். கேக் படிக்கப் பாரிஸ் போகிறேன் என்று சொன்னபோது அம்மா ஒரு கிழமை பேசவில்லையாம். பிறகு ஒரேயொரு நிபந்தனை போட்டாராம்: தனியாக இருந்து சாப்பிடக் கூடாது.

அவர்களுடைய ஊரில் வருடத்தின் முதல் காலையில் ஒரு சூப் குடிப்பார்கள். பச்சையரிசி மாவை அவித்து, இடித்து, கயிறு போல உருட்டி, ஆறவிட்டு, மெல்லிய வட்டங்களாக வெட்டி அந்தச் சூப்பில் போடுவார்கள். அது வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். வருடத்தை அழுக்கில்லாமல் தொடங்க வேண்டுமல்லவா. அதைச் சாப்பிட்டால்தான் ஒரு வயது ஏறும். அந்த நாட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் வயது ஏறுவது பழைய வழக்கம். பிறந்தநாளை வைத்து எண்ணுகிற வயது வேறாக இருக்கும். ஆளுக்கு இரண்டு வயது.

ஒவ்வொரு முதலாம் திகதியும் அம்மா தொலைபேசியில் கேட்பார்: சூப் குடித்தாயா, ஆரோடு?

சூஜின் சொல்வாள்: “சிநேகிதரோடை. நாங்களே மா இடிச்சு, உருட்டி, ஒண்டா இருந்து செய்யிறனாங்கள்.”

உண்மையில் ஒவ்வொரு முதலாம் திகதியும் அவள் வேலையில், தட்டைக் கேக்குக்குள் பொம்மை ஒளித்துக்கொண்டு இருந்தாள். சாப்பாடு, விளிம்பு கருகியதால் விற்க முடியாத ஒரு துண்டு.

“இந்தமுறை அம்மா வாறா. முப்பத்தொராம் திகதி பின்னேரம் வந்து இறங்குறா. ‘முதலாம் திகதி காலமை நீ ஆரோடை சாப்பிடுறாய் எண்டு பார்ப்பன். ஒருத்தரும் இல்லையெண்டால் என்னோடை வந்திடு’ எண்டு சொல்லிப்போட்டா.”

“நீ வரமாட்டன் எண்டு சொல்லலாந்தானே.”

“அவ கூப்பிட்டால் மாட்டன் எண்டு சொல்லுவன். ஆனா அவ அழுதால் நான் போயிடுவன்.”

“ஓம், நாலு வருசம்,” என்றேன்.

நான் ஏன் உடனே ஓம் என்றேன் என்பதையும் எழுத வேண்டும். என்னுடைய அம்மாவும் ஒவ்வொரு முதலாம் திகதியும் கேட்பார். சாப்பிட்டியா அப்பு? நான் சொல்வேன்: ஓம் அம்மா, எல்லாரோடையும் சாப்பிட்டன். அந்த “எல்லாரும்” யார் என்று அம்மா கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. கடையின் பின்பக்கம் உடுப்பு மாற்றுகிற இடத்தில், வாளிகளுக்கு நடுவில், ஒரு பாண் துண்டைக் கடித்துக்கொண்டு சொன்ன பொய் அது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இந்தப் பருவத்தில் சொல்லுகிற பொய்களை ஒன்றாக அடுக்கினால் எத்தனை மாடி உயரம் வருமோ தெரியாது.

பதினொரு வரி

சூஜினின் அறை கூரைக்குக் கீழே இருந்தது. கட்டிலைச் சுவரோடு மடித்தால்தான் அடுப்பைத் திறக்கலாம். அங்கே நாலு வருடத்துச் சிநேகிதர்களை நிற்கவைக்கவே இடமில்லை.

அதனால் எங்கள் வீடு. எங்கள் வீடு என்றால், தேவண்ணையும் அவருடைய மனைவி வதனி அக்காவும் இருக்கும் வீடு. அதில் ஒரு அறை எனக்கு. தேவண்ணை லா சப்பலில் ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர். வதனி அக்கா பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை.

விஷயத்தைச் சொன்னதும் தேவண்ணை தாடையைச் சொறிந்தார்.

“கொரியாப் பிள்ளையோ. எங்களை எத்தினை வருசமாத் தெரியும் எண்டு சொல்ல வேணும்?”

“நாலு.”

“பரவாயில்லை. விசாவுக்கு இதைவிடப் பெரிய கதையெல்லாம் சொன்னனாங்கள்.”

அந்தச் சூப்புக்குத் தேவையான வெள்ளைத் துண்டுகள் பொதியாகவும் விற்கும். கிறேவால் லொறி வராமல், கொரியாக் கடைகளில் அவை முடிந்திருந்தன. போதாததற்கு, பொய்யிலேயே “நாங்களே மா இடிச்சு” என்று இருக்கிறது. ஆகவே இடிக்க வேண்டும்.

இப்போது என்னைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கைநாட்டு. ஊரில் எங்கள் ஒழுங்கைக்கு வந்த கடிதங்களை எல்லாம் வாசித்துச் சொல்கிறவன் நான்தான். இங்கேயும் அப்படியே. மின்சாரக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், விசா கொடுக்கிற பிறிபெக்தூர்க் கடிதம், எது வந்தாலும் லா சப்பலில் நாலு பேர் என்னைத் தேடுவார்கள். எழுத்தில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஆள் நான். எழுதிவிட்டால் எல்லாம் சரியாக நடக்கும் என்றும் நம்பினேன்.

சூஜின் சொல்லச் சொல்ல, செய்முறையைத் தமிழில் எழுதினேன். நம்பர் போட்டு, பதினொரு வரி. அரிசியை எத்தனை மணித்தியாலம் ஊறவைப்பது, எவ்வளவு உப்பு, ஈரத்தோடு அரைப்பது, எத்தனை தரம் அரிப்பது, எல்லாம் இருந்தது. தேவண்ணைக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். தாளைக் குளிர்பெட்டியில் காந்தத்தால் ஒட்டினேன். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

முப்பதாம் திகதி இரவு தேவண்ணை கடையில் அரிசி ஊறப்போட்டார். சூஜின் கொடுத்த குண்டு அரிசி. காலையில் கடையின் பெரிய மிக்ஸியில் அரைத்து, வீட்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். எழுதியபடி, ஒரு பிழையும் இல்லாமல்.

எழுதாத ஒன்று இருந்தது. வறுக்க வேண்டாம் என்பது. கொரியாவில் ஒருவரும் அதை எழுத மாட்டார்கள், ஏனென்றால் அங்கே அரிசி மாவை வறுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. எங்கள் ஊரில் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் மாவை வறுக்காமல் விடுவது ஒருவருக்கும் தோன்றாது. இந்த இரண்டு தோன்றாமைக்கும் நடுவில், பதினொரு வரியோடு, நான்.

நீதானே படிச்ச பிள்ளை

இனி அந்தக் குசினிக்குத் திரும்புகிறேன்.

சூஜின் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. ஒரு பிடி மாவை எடுத்து உள்ளங்கையில் இறுக்கினாள். விரலை விரித்ததும் உதிர்ந்தது. தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். “அவிச்சுப் பார்ப்பம்” என்றாள். அவித்தோம். மூடியைத் திறந்தபோது பூப்போல, ஒன்றோடொன்று ஒட்டாமல், உதிரி உதிரியாக வந்திருந்தது.

வதனி அக்கா கைகளைத் தட்டினார். “பார், எவ்வளவு நல்ல புட்டு.”

சூஜின் குசினித் தரையில் தொப்பென்று இருந்துவிட்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. நிற்காமல் போன பிறகுதான் அது பாதி அழுகை என்று விளங்கியது.

நான் அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இடித்தால் இழுபட வேண்டும், கயிறாக வர வேண்டும், வறுத்த மா இழுபடாது. அக்காவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. ஓடிப் போய்க் குளிர்பெட்டியில் இருந்த தாளைப் பார்த்தார்.

“இதிலை வறுக்கக் கூடாதெண்டு இல்லையே தம்பி.”

“உதை ஆர் அக்கா எழுதுவினம்?”

“நீ எழுதியிருக்க வேணும். நீதானே படிச்ச பிள்ளை.”

நான் தாளை மறுபடியும் ஒருமுறை வாசித்தேன்.

பையில் இன்னும் ஒரு கிலோ அரிசி மிச்சம் இருந்தது. ஐந்து கிண்ணத்துக்கு அது போதும். ஆனால் ஊற வேண்டும். சூஜின் இரண்டு மணிக்கு விமான நிலையத்துக்குப் புறப்பட வேண்டும். ரயில் இல்லாத நாளில் அந்தப் பயணம் எப்போது முடியும் என்று ஒருவருக்கும் தெரியாது. அவள் போய்விட்டால் மிச்சத்தை நாங்கள்தான் செய்ய வேண்டும், அந்த மாக் கயிற்றை வாழ்க்கையில் கண்ணாலும் காணாத நாங்கள்.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரிசியைப் போட்டாள். மாவை இடிக்கிற விதத்தை வெறுங்கையால் காற்றில் செய்து காட்டினாள். பிறகு பேனையை வாங்கி, என் பதினொரு வரிக்குக் கீழே, பன்னிரண்டாவதாக, பெரிய பிரெஞ்சு எழுத்தில் எழுதினாள்: வறுக்காதே. கீழே இரண்டு கோடு.

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, “அம்மாவுக்கு எல்லாம் தெரியும் சீலன். கருவாட்டை மணந்தே எந்த மாதம் பிடிச்சதெண்டு சொல்லுவா. அவவுக்கு முன்னாலை நான் எப்பிடி...” என்றாள்.

“நீ போ பிள்ளை,” என்றார் வதனி அக்கா தமிழில். “நாங்கள் இருக்கிறம்.”

அவளுக்கு அது விளங்கியது என்று நினைக்கிறேன். படிகளில் இரண்டு இரண்டாக இறங்கும் சத்தம் கேட்டது.

மூன்று தட்டு

பின்னேரம் ஆறு மணிக்கு அரிசியைத் தூக்கிக்கொண்டு தேவண்ணையின் கடைக்குப் போனேன். அங்கே எண்பது பேருக்கு வருடப் பிறப்பு விருந்து. ஒரு பக்கம் கொத்துரொட்டி, மறுபக்கம் இறால். தேவண்ணை என்னைக் கண்டதும் கண்ணை மூடித் திறந்தார்.

“ஐஞ்சு நிமிசம். முதலாளி கேட்டால், தோசை மா எண்டு சொல்லு.”

“தண்ணி விடாமல் அரைக்கிறதெண்டு பார்த்தால் தெரியுமே அண்ணை.”

“அப்ப வாயை மூடிக்கொண்டு நில்லு.”

மா காய்ந்துவிடக் கூடாது என்று ஈரத் துணியால் மூடி, கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு வீதியைக் கடந்தேன். ஒரு நகைக்கடைக்காரர், “என்ன தம்பி, குழந்தையோ?” என்று கேட்டார். கிட்டத்தட்ட, என்றேன்.

அவித்தோம். அலுமினியச் சட்டியில் கொட்டி, ரொட்டி உருட்டுகிற கட்டையின் முனையால் இடித்தோம். முதலில் அக்கா, பிறகு நான், பிறகு அக்கா. கீழ் வீட்டுக்காரர் வீடு கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையில் மூன்று முறை தட்டினார். அக்கா சற்று நிறுத்தினார். பிறகு பதிலுக்கு மூன்று இடி இடித்தார். கீழே மறுபடியும் மூன்று. மேலே மூன்று. கொஞ்ச நேரத்தில் அது சண்டையா பாட்டா என்று தெரியாமல் போனது.

இடிக்க இடிக்க மா மாறியது. ஒட்டியது, மினுங்கியது, இழுத்தால் வந்தது. அக்கா கட்டையை உயர்த்த, மாவும் கூடவே எழும்பி வந்தது. “இஞ்சை பார்,” என்றார் அக்கா மூச்சு வாங்க. “புட்டுக்கு இப்பிடி வந்தால் எறிஞ்சுபோடுவன்.”

கை ஒட்டாமல் இருக்க எண்ணெய் பூச வேண்டும். எட்டாவது வரியில் எள்ளெண்ணெய் என்று இருந்தது. சூஜின் தந்த போத்தலைத் திறந்தால் கடும் மண்ணிறம், புகை மணம். அவர்கள் எள்ளை வறுத்துப் பிழிகிறார்கள். எங்கள் நல்லெண்ணெய் பச்சை எள்ளில் வருவது. அவர்கள் எள்ளை வறுத்துவிட்டு மாவை விட்டுவிடுகிறார்கள். நாங்கள் மாவை வறுத்துவிட்டு எள்ளை விட்டுவிடுகிறோம். இதை அக்காவிடம் சொன்னேன். “அதுக்கென்ன, மொத்தத்திலை எல்லாரும் ஏதோ ஒண்டை வறுக்கினம்,” என்றார்.

எட்டுக் கயிறு உருட்டினோம். ஒன்றும் நேராக வரவில்லை. தட்டில் அடுக்கி, ஈரத் துணி போட்டு, குளிருக்கு யன்னல் விளிம்பில் வைத்தோம்.

முதலாம் திகதி காலை

நானும் சூஜினும் கடையில் அன்றைக்கு லீவு கேட்டு வாங்கியிருந்தோம். பத்து மணிக்கு மணி அடித்தது. சூஜினின் அம்மா சின்ன உருவம். ஊதா நிறக் கோட். நாலு மாடி ஏறியும் மூச்சு வாங்கவில்லை. ஒருவரும் சொல்லாமலே வாசலில் சப்பாத்தைக் கழற்றி, திருப்பி, சோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

வதனி அக்கா என் காதருகில் சொன்னார்: “நல்ல மனுசி.”

அவர் பையைத் திறந்து ஒரு பெரிய பொட்டலத்தை மேசையில் வைத்தார். தேவண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, மணந்தும் பார்த்தார்.

“இது எங்கட நெத்தலியெல்லோ.”

நெத்தலிக் கருவாடுதான். தாயும் மகளும் சூப்புக்கு அதைத்தான் அவித்தார்கள். ஐந்து நிமிடத்தில் எங்கள் குசினி ஒரு கடற்கரை போல மணந்தது. நான் கயிறுகளை வெட்டினேன். தடிப்பாகச் சில, மெல்லியதாகச் சில. அம்மா ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பானைக்குள் போட்டார்.

ஐந்து கிண்ணம். வெள்ளைத் துண்டுகள் மேலே மிதந்தன. அம்மா ஒவ்வொருவரிடமும் வயது கேட்டார். சூஜின் பிரெஞ்சில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

தேவண்ணை கரண்டியை வைத்தார். “கடதாசியிலை இருக்கிற வயதோ, உண்மை வயதோ?”

அவருடைய பிறப்புப் பத்திரம் ஊரில் சண்டையில் போய்விட்டது. இங்கே எழுதியபோது பிறந்தநாளுக்கு ஜனவரி முதலாம் திகதியைப் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முதலாம் திகதியும் வங்கி அவருக்கு வாழ்த்து அனுப்பும். அவர் அதற்கு ஒரு கெட்ட வார்த்தை சொல்வார்.

இது பிரெஞ்சாகி, கொரிய மொழியாகி அம்மாவிடம் போய்ச் சேர்ந்தபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னதைச் சூஜின் மொழிபெயர்த்தாள்: “எங்களுக்கும் ரெண்டு வயது. உங்களுக்கும் ரெண்டு வயது. இண்டைக்கு ரெண்டிலையும் ஒண்டு கூடுது. வடிவாச் சாப்பிடுங்கோ.”

தேவண்ணை அன்றைக்கு முதல்முறையாகத் தன் கடதாசிப் பிறந்தநாளுக்குத் தலையாட்டி நன்றி சொன்னார்.

எல்லாம் நன்றாகப் போனது. புட்டு வரும்வரைக்கும்.

வறுத்த மாவை அக்கா வீணாக்கவில்லை. பனையோலை நீத்துப்பெட்டியில் அவித்து, தேங்காய்ப்பூப் போட்டு, சம்பலோடு கொண்டுவந்து வைத்தார். அம்மா ஒரு வாய் எடுத்தார். கண் விரிந்தது. அரிசி மாவா என்று விரலால் சூப்பைக் காட்டிக் கேட்டார். அக்கா தலையாட்டினார். பிறகு பொதுவான பாஷை இல்லாத அந்த இரண்டு பேரும் நேராகவே பேசத் தொடங்கிவிட்டார்கள்.

அக்கா தாச்சியில் அகப்பையால் கிளறுவதைக் கையால் காட்டினார். வறுத்தேன். பிறகு சூஜினைக் காட்டி, தரையில் விழுவதைக் காட்டினார். பிறகு தன் நெற்றியில் அடித்தார். நான் கண்ணால் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. கட்டையால் இடிப்பதைக் காட்டினார். தும்புத்தடியைக் காட்டினார். கடைசியில், சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றி முப்பத்தொராம் திகதியில் விரலை வைத்தார். நேற்று. எல்லாம் நேற்று.

சூஜின் கரண்டியைக் கீழே வைத்தாள்.

அம்மா கலண்டரைப் பார்த்தார். குளிர்பெட்டியில் இருந்த தாளைப் பார்த்தார், பன்னிரண்டாவது வரிக்குக் கீழே இருந்த இரண்டு கோடுகளை. மகளைப் பார்த்து ஒரேயொரு வசனம் சொன்னார். சூஜின் குனிந்துகொண்டே அதை எங்களுக்குச் சொன்னாள்:

“நாலு வருசமாச் செய்யிற வீட்டிலை ஆர் மாவை வறுப்பினம் எண்டு கேக்கிறா.”

யன்னலுக்கு வெளியே, கிறேவுக்குள்ளும் அன்றைக்கு ஓடவிட்ட ஒரு மெட்ரோ மேம்பாலத்தில் போனது. அது போய் முடியும்வரைக்கும் காத்திருந்தோம், லா சப்பல் வழக்கப்படி.

அம்மா மறுபடியும் கேட்டார். இந்தமுறை மெதுவாக. நேற்று இவர்கள் இதை இரண்டு தரம் செய்தார்களா?

“ஓம்,” என்றாள் சூஜின்.

உனக்காகவா?

சூஜின் இன்னும் குனிந்தாள். வதனி அக்காவுக்குக் கேள்வி விளங்கவில்லை. ஆனால் பிள்ளை குனிந்திருப்பது தெரிந்தது. எழும்பிப் போய் அவளுடைய முதுகில் கையை வைத்தார்.

அம்மா அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கிண்ணத்தைத் தூக்கி மிச்சத்தைக் குடித்து முடித்து, அகப்பையை எடுத்து இன்னொரு முறை ஊற்றிக்கொண்டார். தடித்த துண்டுகளாகப் பார்த்து எடுத்தார்.

“அந்த நாலையும் விடு,” என்றாராம். “இதை முதலாவதெண்டு எண்ணுவம்.”

போகும்போது நெத்தலிப் பொட்டலத்தில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. சூஜின் அதைப் பைக்குள் வைக்கப் போனாள். அம்மா அவளுடைய கையில் மெல்லத் தட்டி, பொட்டலத்தை எடுத்து வதனி அக்காவின் அலுமாரியில், தானே இடம் பார்த்து, பின்பக்கமாக வைத்தார். அது அடுத்த முதலாம் திகதிக்கு. அதை எனக்கு ஒருவரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அன்று பின்னேரம் நான் என் அம்மாவைக் கூப்பிட்டேன்.

“சாப்பிட்டியா அப்பு?”

சொன்னேன். அரிசியில் தொடங்கி, மிக்ஸி, தும்புத்தடி, நெத்தலி, கலண்டர் வரைக்கும். அம்மா இடையில் ஒரேயொரு முறைதான் குறுக்கிட்டார்.

“வறுக்காத மாவோ? வயித்துக்கு ஆகாதே அப்பு. அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒருத்தரும் சொல்லிக்குடுக்கேல்லையோ?”

நான் சிரித்து முடிக்கும்வரைக்கும் காத்திருந்தார். பிறகு குரல் மாறியது.

“நீ முந்தி ஒவ்வொரு வருசமும் ‘எல்லாரோடையும் சாப்பிட்டன்’ எண்டு சொல்லுவாய். என்ன சாப்பிட்டனி எண்டு இண்டைக்குத்தான் சொல்லுறாய்.”